ஒரு பை கிரீஸும் ஒரு மைக்ரான் படலமும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை காணாமப் போன ஒரு பையில இருந்து ஆரம்பிக்குது.

2008 நவம்பர் 18. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே ஹெய்டி ஸ்டெஃபானிஷின்-பைப்பர் வேலை பார்த்துட்டு இருக்காங்க. எண்டெவர் ஷட்டில்ல போன விண்வெளி வீராங்கனை. தன்னோட டூல் பையைத் திறந்து பார்த்தா, உள்ளே இருந்த கிரீஸ் கன் கசிஞ்சிருக்கு. கிளவுஸ்ல கிரீஸ், கேமராவுல கிரீஸ். சரி, துடைப்போம்னு துடைக்க ஆரம்பிக்கிறாங்க. அந்த நேரத்துல பை மெதுவா மிதந்து விலகிப் போகுது. அவங்க பார்க்கும்போது அது கைக்கு எட்டாத தூரத்துல இருக்கு.

சுமார் 13 கிலோ எடை, ஒரு லட்சம் டாலர் மதிப்பு. அந்தப் பை எட்டு மாசத்துக்கும் மேல பூமியைச் சுத்திட்டு, 2009 ஆகஸ்ட்ல வளிமண்டலத்துக்குள்ள விழுந்து எரிஞ்சு போச்சு. நடுவுல, பூமியில இருந்து டெலஸ்கோப்ல அதைப் பார்த்து வீடியோ எடுத்தவங்களும் உண்டு.

அப்போ உலகம் முழுக்க எல்லாரும் சிரிச்ச செய்தி இது. நானும் முதல்ல படிச்சப்போ சிரிச்சேன். அப்புறம்தான் ஒரு கேள்வி வந்துச்சு. அவ்வளவு உயரத்துல, ஒரு ஆளை வெளியே அனுப்பி, கையில கிரீஸ் கன் கொடுத்து, எதுக்கு கிரீஸ் அடிக்கச் சொன்னாங்க? அந்த ஒரே பயணத்துல நாலு ஸ்பேஸ்வாக். ஒவ்வொண்ணும் ஆறேழு மணி நேரம். அதுல பெரும்பகுதி வேலை ஒரே ஒரு மூட்டைச் சுத்தம் பண்ணி கிரீஸ் போடுறதுதான்.

அந்த மூட்டுல என்ன ஆச்சுன்னு புரிஞ்சா, விண்கல எஞ்சினியர்கள் எதுக்குப் பயப்படுறாங்கன்னு புரியும்.

சத்தம் கேட்காத தேய்மானம்

விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுத்துது. அதோட சோலார் பேனல்கள் எப்பவும் சூரியனைப் பார்க்கணும்னா, நிலையம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பேனல்களும் ஒரு முழுச் சுத்து திரும்பணும். அதுக்காக இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பெரிய சுழலும் மூட்டுகள் இருக்கு. ஒவ்வொரு மூட்டுலயும் கிட்டத்தட்ட 3 மீட்டர் அகல எஃகு வளையம். அந்த வளையத்தை 12 இடத்துல ரோலர் செட்டுகள் பிடிச்சுட்டு உருளும்.

இடது பக்க மூட்டை 2006 செப்டம்பர்ல மாட்டினாங்க. அந்தப் பயணத்துலயும் இதே பைப்பர் இருந்தாங்க. வலது பக்க மூட்டு 2007 ஜூன்ல போச்சு. சில மாசத்துலயே வலது மூட்டுல அதிர்வு தெரிய ஆரம்பிச்சுது. அதைத் திருப்புற மோட்டார் வழக்கத்தைவிட அதிகமா கரண்ட் இழுத்துது.

நம்ம வீட்டு ஃபேன் பேரிங் போனா கொரகொரன்னு சத்தம் கேட்கும். அங்கே காத்தே இல்ல, சத்தமும் இல்ல. மோட்டார் கரண்டும் அதிர்வும்தான் சத்தத்துக்குப் பதில். 2007 அக்டோபர்ல டேனியல் டானி வெளியே போய் ஒரு மூடியைக் கழட்டிப் பார்த்தார். உள்ளே முழுக்க உலோகத் தூள். டேப்ல ஒட்டி சாம்பிள் எடுத்துட்டு வந்தார். எஃகு வளையத்தோட மேற்பரப்பே பெயர்ந்து வந்துட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் அந்த மூட்டை இஷ்டத்துக்குச் சுத்த விடல. பெரும்பாலும் நிறுத்தி வெச்சு, வேணும்னா மட்டும் திருப்பினாங்க. அப்போ பேனல் எப்பவும் சூரியனைப் பார்க்காது, கிடைக்கிற மின்சாரம் குறையும். ஐரோப்பாவோட கொலம்பஸ் ஆய்வகமும் ஜப்பானோட கிபோ ஆய்வகமும் வந்து சேர இருந்த நேரம் அது. மின்சாரம் அதிகமா வேணும்கிற நேரத்துல, ஒரு பக்கச் சிறகு கிட்டத்தட்ட முடங்கிக் கிடந்துச்சு.

காத்து நமக்கு இலவசமா செய்யுற வேலை

பூமியில ரெண்டு இரும்புத் துண்டை ஒண்ணோட ஒண்ணு வெச்சு அழுத்தினா ஒட்டாது. ஏன்னு நாம யோசிச்சதே இல்ல. காரணம், நாம தொடுறது உண்மையில இரும்பையே இல்ல. எந்த உலோகத்து மேலயும் ரொம்ப மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அது மேல ஈரம், அழுக்குன்னு இன்னும் கொஞ்சம். உரசும்போது அந்தப் படலம் கிழிஞ்சாலும், காத்துல இருக்குற ஆக்ஸிஜன் உடனே புதுசா ஒண்ணைப் போட்டுடும். யாரும் கேட்காமலே நடக்குற ரிப்பேர் வேலை இது.

விண்வெளியில அந்த ரிப்பேர் ஆள் இல்ல. படலம் ஒரு தடவை தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். கீழ இருக்குற சுத்தமான உலோகம் இன்னொரு சுத்தமான உலோகத்தைத் தொடும். ரெண்டு பக்க அணுக்களுக்கும் நடுவுல எல்லைக்கோடு எதுவும் கிடையாது. சூடே இல்லாம ஒட்டிக்கும். இதுக்குப் பேரே குளிர் பற்றவைப்பு. முழுசா ஒட்டலைன்னாலும், ஒட்டி ஒட்டிப் பிய்யும். அப்படிப் பிய்ஞ்சு வர்ற துண்டு நடுவுல மாட்டி இன்னும் கீறும்.

அப்போ எண்ணெய் போட வேண்டியதுதானே? இங்கே ரெண்டு பிரச்சினை.

முதல் பிரச்சினை, ஆவி. சாதாரண எண்ணெய் வெற்றிடத்துல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிப் போயிடும். போனது போகட்டும்னு விடவும் முடியாது. சமையலறையில தாளிச்ச புகை போய் எக்ஸாஸ்ட் ஃபேன்ல பிசுக்கா படியுது இல்லையா, அதே மாதிரி அந்த ஆவி பக்கத்துல இருக்குற குளிர்ந்த கேமரா லென்ஸ்லயும் சோலார் பேனல்லயும் போய்ப் படியும். மூட்டுக்கு எண்ணெயும் இல்ல, கேமராவுக்குக் கண்ணும் இல்ல.

ரெண்டாவது, வெப்பநிலை. மார்கழி மாசம் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தா உறைஞ்சு நிக்கும். அதுக்கு இருபது டிகிரி சொச்சம் குளிரே போதும். விண்வெளியில வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் இருநூறு டிகிரிக்கு மேல வித்தியாசம் வரலாம். ஒரு பக்கம் தண்ணியா ஓடாம, இன்னொரு பக்கம் கல்லா உறையாம இருக்குற எண்ணெய் வேணும்.

மூணு வழி, மூணுக்கும் ஒரு விலை

முதல் வழி, செயற்கை எண்ணெய்கள். இதுல பிரபலமானது பெர்ஃபுளோரோபாலிஈதர். பேர் பெருசு, விஷயம் சின்னது. சாதாரண எண்ணெய் மூலக்கூறுல ஹைட்ரஜன் இருக்குற இடத்துல எல்லாம் ஃபுளோரின் வெச்ச நீளமான சங்கிலி. நான்ஸ்டிக் தவாவுல இருக்குற டெஃப்லானுக்கு எண்ணெய் வடிவத்துல ஒரு சொந்தக்காரன்னு வெச்சுக்கங்க. இதுல சில வகைகளோட ஆவி அழுத்தம் அறை வெப்பநிலையில, நம்ம காற்றழுத்தத்துல கோடி கோடியில ஒரு பங்கைவிடக் குறைவு. டெஃப்லான் தூளைக் கலந்து கெட்டியாக்கினா கிரீஸ். பைப்பர் கையில இருந்த பிரேகோட் கிரீஸ் இந்தக் குடும்பம்தான்.

விலை என்னன்னா, எஃகு மேல எஃகு பலமா உரசுற இடத்துல இந்த எண்ணெய் மெதுவா உடையும். உடையும்போது வர்ற ஃபுளோரின் இரும்போட சேர்ந்து இரும்பு ஃபுளோரைடு ஆகும். அந்த ஃபுளோரைடு மிச்ச எண்ணெயையும் உடைக்கும். அதாவது எண்ணெய் தானே தனக்கு எதிரியை உண்டாக்கிக்கும். இதுக்கு மாற்றா வந்ததுதான் பென்சேன்னு சொல்லப்படுற செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெய். உராய்வுல நல்லா தாங்கும். ஆனா கடுங்குளிர்ல முதல் வகை அளவுக்கு இளகி இருக்காது.

ரெண்டாவது வழி, எண்ணெயே வேண்டாம், தூள் போதும். ஜிப் சிக்கினா பென்சிலைத் தேய்ப்போமே, அந்த மாதிரி. பென்சில்ல இருக்குறது கிராஃபைட். அடுக்கடுக்கான அமைப்பு, அடுக்குகள் வழுக்கும். ஆனா 1940-கள்ல ரொம்ப உயரத்துல பறந்த விமானங்கள்ல ஒரு விநோதம் நடந்துச்சு. ஜெனரேட்டர்ல இருக்குற கார்பன் பிரஷ் திடீர்னு பொடிப்பொடியா தேய்ஞ்சு போச்சு. அப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சுது. கிராஃபைட் வழுக்குறதுக்குக் காத்துல இருக்குற ஈரம் வேணும். வறண்ட மெல்லிய காத்துல அது வழுக்காது, அராவும்.

அதனால விண்வெளிக்குப் போனது கிராஃபைட் இல்ல, மாலிப்டினம் டைசல்ஃபைடு. நடுவுல மாலிப்டினம், மேலயும் கீழயும் கந்தகம்னு ஒரு சாண்ட்விச். ஒரு சாண்ட்விச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பிடிப்பு ரொம்பக் குறைவு. வெற்றிடத்துல அபாரமா வழுக்கும், எவ்வளவு குளிரானாலும் உறையாது. இதுக்குப் பிரச்சினை தலைகீழ். ஈரக் காத்துலதான் இது கெட்டுப் போகும். உராய்வு பல மடங்கு கூடும், சீக்கிரம் தேயும். அதாவது பூமிதான் இதுக்கு ஆபத்தான இடம்.

மூணாவது வழி, மென்மையான உலோகம். தங்கம், வெள்ளி, ஈயம். கடினமான எஃகு மேல மெல்லிசா பூசினா, உரசும்போது எஃகுக்குப் பதிலா இது நசுங்கி வழி விடும்.

இந்தத் தூள் பூச்சு, உலோகப் பூச்சு ரெண்டுக்கும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. துல்லியமான பேரிங்ல பூசுற படலம் பல நேரம் ஒரு மைக்ரான்தான் இருக்கும். நம்ம தலைமுடியோட தடிமன்ல ஐம்பதுல ஒரு பங்கு கூட இல்ல. எண்ணெய்னா தேய்ஞ்ச இடத்துக்கு ஓடி வந்து நிரப்பும். பூச்சு அப்படி வராது. இத்தனை சுத்துக்குத் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. ஒவ்வொரு அசைவும் அந்தக் கணக்குல இருந்து கழியும்.

வலது மூட்டுக்கு என்ன ஆச்சு?

அந்த மூட்டுல ரோலர்கள் மேல தங்கம் பூசியிருந்தாங்க. அதுதான் மசகு. விசாரணையில தெரிய வந்தது இதுதான்: வளையமும் ரோலரும் தொடுற இடத்துல மசகு போதல. உராய்வு கூடினதும் ரோலர் நேரா உருளாம லேசா சாய ஆரம்பிச்சுது. சாய்ஞ்சதும் பாரம் முழுக்க ஒரு விளிம்புல வந்து விழுந்துச்சு. வளையத்தோட மேற்பரப்பைத் தேயக் கூடாதுன்னு கடினமாக்கியிருந்தாங்க. அந்தக் கடினமான தோல் அழுத்தம் தாங்காம உடைஞ்சு உதிர்ந்துச்சு. உதிர்ந்த தூள் மேலயே ரோலர் ஏறி ஓடிச்சு.

அப்போ தீர்வு? தூளைத் துடைச்சு எடுத்துட்டு, கிரீஸ் போடுறது. மொத்தம் இருந்த 12 ரோலர் செட்டுல 11-ஐ அந்தப் பயணத்துல மாத்தினாங்க. மிச்சம் ஒண்ணை முன்னாடியே மாத்தியிருந்தாங்க. பைப்பரோட பை போனதுக்கு அப்புறம், கூட இருந்த ஸ்டீபன் போவனோட பையில இருந்த கிரீஸ் கன்னை ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உபயோகிச்சாங்க. நாலாவது ஸ்பேஸ்வாக்ல, நல்லாவே ஓடிட்டு இருந்த இடது மூட்டுக்கும் சேர்த்து கிரீஸ் போட்டாங்க. அதுவும் அதே டிசைன்தானே.

வேலை செஞ்சுது. மோட்டார் இழுக்குற கரண்ட் நல்லா குறைஞ்சு, வலது சிறகு திரும்பவும் சூரியனைத் துரத்த ஆரம்பிச்சுது. கொஞ்சம் கிரீஸ்தான். ஆனா அங்கே போய்ப் போட ஆள் இருந்ததாலதான் அது சாத்தியமாச்சு.

ஆள் போக முடியாத இடத்துல?

இப்போ இன்னொரு கதை. இதுல கிரீஸ் கன்னோட யாரும் போக முடியல.

கலிலியோ விண்கலம். வியாழன் கிரகத்துக்குப் போறதுக்காக நாசா செஞ்சது. 1986 மே மாசம் கிளம்ப வேண்டியது. ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் ஷட்டில் வெடிச்சதால எல்லாம் நின்னு போச்சு. ஃப்ளோரிடாவுக்கு வந்த கலம் திரும்பக் கலிஃபோர்னியாவுக்கே போச்சு. அப்புறம் மறுபடியும் ஃப்ளோரிடா. அமெரிக்காவோட ஒரு கடற்கரையில இருந்து மறு கடற்கரைக்கு லாரியிலயே பயணம். கடைசியா 1989 அக்டோபர் 18-ல அட்லாண்டிஸ் ஷட்டில்ல ஏறிக் கிளம்புச்சு.

அதுல 4.8 மீட்டர் அகல ஆன்டெனா ஒண்ணு, குடை மாதிரி மடிச்சு வெச்சது. 18 கம்பிகள். 1991 ஏப்ரல் 11-ல குடையைத் திறன்னு கட்டளை போச்சு. மோட்டார் ஓடிச்சு, அப்புறம் திணறி நின்னு போச்சு. சில கம்பிகள் நடுத் தண்டுல மாட்டிக்கிட்டே இருந்துச்சு. குடை ஒரு பக்கம் கோணலா, பாதி திறந்த நிலையில நின்னுடுச்சு.

கம்பிகளைப் பிடிச்சு வெச்சிருந்த சின்னச் சின்ன டைட்டானியம் ஊசிகள் மேல உலர் மசகு பூசியிருந்தாங்க. எஞ்சினியர்கள் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: லாரி குலுங்கினப்போ எல்லாம் ஊசிகள் அதுங்க உட்கார்ந்திருந்த குழியோட உரசி உரசி, அந்தப் பூச்சு பூமியிலயே தேய்ஞ்சு போச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி யாரும் திரும்பப் பூசல. பூமியில காத்து இருந்ததால உலோகம் அம்மணமா நிக்கல, பிரச்சினையும் வெளியே தெரியல. வெற்றிடத்துக்குப் போனதும் கவ்விக்கிச்சு.

விடுவிக்க எல்லாம் செஞ்சு பார்த்தாங்க. கலத்தை சூரியன் பக்கம் திருப்பி சூடாக்கினாங்க, எதிர்ப்பக்கம் திருப்பிக் குளிர வெச்சாங்க. மோட்டாரை விட்டு விட்டு 13,000 தடவைக்கு மேல தட்டினாங்க. கலத்தையே வேகமா சுழல விட்டாங்க. அசையல.

இதனால போனது என்னன்னு ஒரு கணக்குல சொல்றேன். பெரிய ஆன்டெனா வியாழன்ல இருந்து நொடிக்கு 1,34,400 பிட் அனுப்ப வேண்டியது. மிச்சம் இருந்த சின்ன ஆன்டெனாவுல ஆரம்பத்துல நொடிக்கு சுமார் 10 பிட்தான் வரும்னு கணக்கு. கலிலியோவோட கேமரா எடுக்குற ஒரு படம், 800-க்கு 800 புள்ளி, சுமார் 51 லட்சம் பிட். நல்ல ஆன்டெனான்னா 38 நொடி. சின்ன ஆன்டெனான்னா கிட்டத்தட்ட ஆறு நாள். ஒரே ஒரு படத்துக்கு.

மனுஷங்க சும்மா விடல. கலத்துக்குப் புது சாஃப்ட்வேர் அனுப்பி, படங்களைச் சுருக்கி, பூமியில பல ஆன்டெனாக்களை ஒண்ணா சேர்த்துக் கேட்டு, நொடிக்கு 160 பிட் வரைக்கும் ஏத்தினாங்க. 2003-ல வியாழனுக்குள்ள விழுற வரைக்கும் கலிலியோ வேலை பார்த்துச்சு. யூரோப்பா நிலவோட பனிக்கு அடியில கடல் இருக்கணும்கிறதுக்கு வலுவான ஆதாரம் கொடுத்ததும் அதுதான். திட்டமிட்ட அறிவியல்ல 70 சதவீதம் கிடைச்சுதுன்னு நாசாவோட மதிப்பீடு. மிச்சம் 30 சதவீதம், சில ஊசிகள் மேல தேய்ஞ்சு போன ஒரு பூச்சோட போச்சு.

செலவுக் கணக்கு

மசகுன்னா ஒரு தடவை போட்டுட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். விண்கலத்துல அது ராக்கெட் எரிபொருள் மாதிரி, செலவாகுற பொருள். கணக்கு ராக்கெட் கிளம்பும்போது ஆரம்பிக்கிறதில்ல. ஃபேக்டரியில பூசின அன்னைக்கே ஆரம்பிச்சுடுது. ஒவ்வொரு டெஸ்ட்டும், ஒவ்வொரு லாரி பயணமும், கலம் ஈரக் காத்துல நிக்கிற ஒவ்வொரு நாளும் செலவு. வேலை செய்யுதான்னு திறந்து மூடிப் பார்க்கிறதே பூச்சைத் தேய்க்கும். பார்க்காம அனுப்பினா கலிலியோ. அதனாலதான் உலர் மசகு பூசின பாகங்களை முடிஞ்சவரைக்கும் உலர்ந்த நைட்ரஜன்ல வெச்சுப் பாதுகாக்கிறாங்க, வெற்றிட அறையில டெஸ்ட் பண்றாங்க, ஒவ்வொரு அசைவையும் எண்ணி எழுதி வெக்கிறாங்க.

ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல கூட, 2022 ஆகஸ்ட்ல ஒரு கருவிக்குள்ள இருக்குற சக்கரம் திரும்பும்போது உராய்வு கூடுறது தெரிஞ்சுது. அந்தக் கருவி மைனஸ் 266 டிகிரில வேலை செய்யுது. எந்த எண்ணெயும் அங்கே ஓடாது. பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர், ரிப்பேருக்கு ஆளும் போக முடியாது. அந்தச் சக்கரத்தை உபயோகிக்கிற ஒரு வகைப் பதிவை நிறுத்தி வெச்சு, காரணத்தை ஆராய்ஞ்சு, எப்படிப் பத்திரமா திருப்பணும்னு வழிமுறை எழுதிட்டு, நவம்பர்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. உடைஞ்சதுக்கு அப்புறம் இல்ல, கரண்டும் உராய்வும் லேசா மாறும்போதே நிறுத்தினாங்க.

பைப்பர் தவறவிட்ட பை செய்தியில வந்துச்சு. அந்தப் பை எதுக்காகப் போச்சுங்கிறது பெருசா வரல. ஒரு வளையமும் சில ரோலர்களும் வறண்டு போனதுக்காகத்தான் அத்தனை பேர் அத்தனை மணி நேரம் வெளியே தொங்கிட்டு இருந்தாங்க. இனிமே அந்தச் செய்தியை எங்கேயாவது பார்த்தீங்கன்னா, பையை விட்டுட்டு கிரீஸைப் பாருங்க.